அவுட்லுக் திறந்ததும் மூடிக்கொள்கிறதா?

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் பல ஆடிட்டர் அலுவலகங்களில் வருடக்கணக்கான மெயில் ஒரே பிஎஸ்டி கோப்பில்தான் (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் .pst கோப்பு) கிடக்கும். கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் அந்தக் கோப்பு பழுதாகலாம். உடனே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே கிளாசிக் அவுட்லுக்கை (கம்ப்யூட்டரில் நிறுவும் பழைய வடிவம்) திறங்கள். கூடுதல் நிரல்கள் இல்லாமல் திறக்கும் சேஃப் மோடா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு ஆட்-இன்னில், அதாவது கூடுதல் நிரலில்தான். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

அப்போதும் படுத்துகிறதா? அவுட்லுக்கை மூடிவிட்டு, பிஎஸ்டியை வேறு டிரைவில் நகல் எடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. பழுதுபார்க்கும்போது சில மெயில்கள் காணாமல் போவதுண்டு. அப்புறம் ஆபீஸ் நிறுவிய ஃபோல்டரில் இருக்கும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை ஓட்டி, கோப்பைக் காட்டி, ரிப்பேர் கொடுங்கள். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்காகும், பொறுமை வேண்டும். ஒரே தடவையில் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். பிழை இல்லை என்று வரும்வரை மறுபடி ஓட்டுங்கள். மீண்ட மெயில்கள் சில சமயம் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் விழுந்திருக்கும்.

உங்கள் மெயில் கோப்பு பிஎஸ்டி இல்லாமல் ஓஎஸ்டி (.ost) என்றால் கவலை குறைவு. அது சர்வரில் உள்ளதன் நகல். அவுட்லுக்கை மூடிவிட்டுக் கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் அவுட்லுக் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

2010 பதிப்பு முதல் பிஎஸ்டியின் வழக்கமான வரம்பு 50 ஜிபி. அதை நெருங்குமுன் ஆண்டுவாரியாகப் பிரித்துவிடுங்கள். ஆபீஸ் நெட்வொர்க் டிரைவில் பிஎஸ்டியை வைத்துத் திறப்பதையும் விட்டுவிடுங்கள்.