மவுத் ஆர்கனில் ஜாஸ்: மூச்சில் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் என் வீட்டு வாசலுக்கு மவுத் ஆர்கனோடு வரும் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தாத்தா வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள். பழைய பாட்டுகளை அருமையாக வாசிப்பார்கள். ஜாஸ் என்றதும் திணறிப்போவார்கள். எனக்கு இந்தப் பிள்ளைகள்மீது மிகுந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு கருவியிலேயே தொடங்குகிறது. தாத்தாவின் பத்துத் துளைக் கருவியில், கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் நேராக வராது; மூச்சால் சுரத்தை வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்கரான ஹோவர்ட் லீவி அந்தச் சின்னக் கருவியிலேயே 12 சுரங்களையும் கொண்டுவந்து காட்டினார். அது நெடுங்கால உழைப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பக்கவாட்டில் பொத்தான் உள்ள குரோமாட்டிக் வகையை எடுப்பதே நல்லது. 12 துளை, துளைக்கு நான்கு நாக்கு (மூச்சில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடு), மொத்தம் 48.

அந்தப் பொத்தானை ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டை போல நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. "அரைச் சுரம் வேண்டுமா, அழுத்து" என்று மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். 'சி' கட்டையைச் சட்ஜமாக வைத்துப் பாருங்கள். முதல் நான்கு துளைகளில் ஊதினால் ச, க, ப, ச. மூச்சை உள்ளே இழுத்தால் ரி, ம, த, நி. இரண்டாம் துளையில் ஊதியபடி பொத்தானை அழுத்தினால் காந்தாரம் மத்யமமாகிறது. ஆக, ஒரே மத்யமம் ஊதினாலும் வரும், இழுத்தாலும் வரும். ப-ம-க என்று இறங்கும்போது பலரும் ஊதி, இழுத்து, மறுபடி ஊதுகிறார்கள். இசைத் தொடர் மூன்று துண்டாகிவிடுகிறது. பொத்தானோடு மத்யமத்தை எடுத்தால் மூன்றும் ஒரே ஊதலில் வழுக்கிக்கொண்டு வரும். அதேபோல் நான்காம் துளையில் இழுத்துப் பொத்தானை அழுத்தினால் மேல் சட்ஜம். இப்போது ரி-ம-த-ச முழுவதும் ஒரே இழுப்பு. ஜாஸில் ஓயாமல் வரும் கார்டு, அதாவது சுரக்கூட்டு, அது. எந்தச் சுரத்தை எந்த மூச்சில் எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதவர்களின் வாசிப்பில் ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் தாள அசைவு, வரவே வராது. இழுப்பு அதிகமாகி நெஞ்சு நிறைந்தால், மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

எல்லாச் சுரத்தையும் நடுங்க வைக்காதீர்கள். திரைப்பாட்டுப் பழக்கம் அது. சில சுரங்கள் அசையாமல் நின்றால்தான் அடுத்து வரும் அசைவு மனத்தைத் தொடும்.

மவுத் ஆர்கன்காரர்களை மட்டும் கேட்பதும் தவறு. பிரசல்ஸில் 1922-இல் பிறந்த டூட்ஸ் தீலமான்ஸை அவசியம் கேளுங்கள். ஜாஸில் இந்தக் கருவிக்கு மரியாதை தேடித் தந்தவர். அவர் கிட்டார் கலைஞரும்கூட. பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் கிட்டாரோடு பல ஆண்டுகள் இருந்தவர். நீங்களும் சாக்ஸபோன், டிரம்பெட் வாசிப்பைக் கேட்டு, முதலில் வாயால் பாடிப் பாருங்கள். பாட வராதது கருவியிலும் வராது.

கடைசியாகப் பராமரிப்பு. தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீர் குடித்த வாயோடு வாசிக்காதீர்கள்; சீனி உள்ளே ஒட்டி, நாக்குகளின் மேலுள்ள மெல்லிய வால்வுகள் பிசுபிசுத்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு எடுங்கள். ஏர்கண்டிஷன் போட்ட மண்டபத்தில் வாசிப்பதென்றால், ஐந்து நிமிடம் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்குங்கள். குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் பனிபோலப் படிந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். உள்ளே மரக்கட்டை வைத்த கருவியைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. என் முதல் கருவியை அப்படித்தான் இழந்தேன்; ஒரே இரவில் மரம் உப்பி, வாய் வைக்கும் இடத்தில் விளிம்பாகப் பிதுங்கிவிட்டது. வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டி, துணியால் துடைத்து, காற்றாட வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள்.