பழைய பைத்தான் கோடை ரஃப்ங்கிற டூல் வெச்சு தூசு தட்டுறது எப்படி (நான் மாட்டின எடங்களோட சேர்த்து)

2025 செப்டம்பர் 22 ஞாபகம் இருக்கா? ஜிஎஸ்டி ஸ்லாப் மாறின நாள். ஒரு ஜவுளிக்கடைக்கு ஜாங்கோல (பைத்தான்ல வெப் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்) நான் எழுதின பில்லிங் ஆப் ஒண்ணு நாலு வருஷமா ஓடிட்டு இருக்கு, அதுவரைக்கும் ரெடிமேட் துணி ஒரு பீஸ் 1000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 12. அன்னிலேர்ந்து 2500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. சரி ரெண்டு நம்பரை மாத்தினா முடிஞ்சுதுன்னு உக்காந்தா, கோடுல 1000ன்னு தேடினா 40 எடத்துக்கு மேல வருது, அதுல பாதி டைம்அவுட், பேஜினேஷன், எதுக்குன்னே எனக்கே தெரியாத ஒண்ணு ரெண்டு. எப்படியோ மாத்தி ஏத்திட்டேன். மறுநாள் காலைல கவுண்டர்லேர்ந்து போன், "தம்பி, எக்ஸ்சேஞ்ச் பில்லுல 1400 ரூபா சட்டைக்கு இன்னும் 12 போடுது". எக்ஸ்சேஞ்ச் ஸ்க்ரீனுக்கு தனியா ஒரு ஃபங்ஷன் காப்பி பண்ணி வெச்சிருந்தேன், அதுல 1000ங்கிறதை 999.99ன்னு எழுதி வெச்சிருக்கேன். ஏன்னு கேக்காதீங்க.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஸ்டாடிக் அனாலிசிஸ் பக்கம் வந்தேன். கோடை ஓட்டாமலே படிச்சு பாத்து இங்க இடிக்குது அங்க இடிக்குதுன்னு சொல்ற டூல், அவ்ளோதான். இந்த வகைக்கு லின்ட்டர்னு பேரு வந்ததே எழுபதுகள்ல பெல் லேப்ஸ்ல ஸ்டீவன் ஜான்சன் சி மொழிக்கு எழுதின லின்ட்ங்கிற ப்ரோக்ராமாலதான். லின்ட்டுன்னா துணில ஒட்டியிருக்கிற பஞ்சுத் தூசி. ஜவுளிக்கடை ஆப்புக்கு பொருத்தமான பேருதான்.

பைத்தானுக்கு இருக்கிற லின்ட்டர்ல பைலின்ட், ஃப்ளேக்8 ரெண்டும் ட்ரை பண்ணிட்டேன், இப்ப ரஃப் மட்டும்தான். ரஸ்ட்ங்கிற மொழியில எழுதினது, என்டர் தட்டி கைய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிருது. பைலின்ட் சில விஷயத்தை இன்னும் ஆழமா பாக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் டீ குடிச்சுட்டு வர்ற அளவுக்கு காத்திருக்கணும்னா யாரும் ஓட்ட மாட்டாங்க, நான் ஓட்டல.

முதல் வேலை: கமிட்

பெண்டிங்ல இருக்கிறதெல்லாம் கிட்ல (கோடுல பண்ற மாற்றத்தை எல்லாம் சேமிச்சு வெக்கிற டூல்) கமிட் பண்ணிட்டு புது பிராஞ்ச் போடுங்க. ஏன்னு கீழ வரும்.

ரெண்டாவது: இன்ஸ்டால் பண்ணி சும்மா பாக்குறது

வென்வ் (இந்த ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வெச்சிருக்கிற பைத்தான் ஃபோல்டர்) ஆன் பண்ணிட்டு பிப் இன்ஸ்டால் ரஃப். அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல நின்னு ரஃப் செக்னு அடிச்சா போதும். விண்டோஸ்ல ரஃப்னு ஒரு கமாண்டே இல்லன்னு சொல்லுச்சுன்னா பைத்தான் மைனஸ் எம் போட்டு அதுக்கப்புறம் ரஃப் செக்னு அடிங்க, ஓடும்.

மொத்த லிஸ்ட்டையும் படிக்க உக்காராதீங்க. கமாண்ட் கடைசில ரெண்டு ஹைஃபன் வெச்சு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு சேருங்க, எந்த ரூல் எத்தனை தடவை அடிக்குதுன்னு சின்ன கணக்கா வரும். எந்த ரூலும் புரியலன்னா ரஃப் ரூல்னு அடிச்சு அந்த நம்பரை குடுங்க, எக்ஸாம்பிளோட டெர்மினல்லயே விளக்கம் வந்துரும், கூகிள் பண்ண வேண்டாம்.

மூணாவது: எந்த ரூல் வேணும்னு முடிவு பண்றது (இங்கதான் நான் கவுந்தேன்)

நான் பண்ணின முதல் தப்பு, செலக்ட்ல (எந்தெந்த ரூல் வேணும்னு சொல்ற செட்டிங்) ஆல்னு போட்டது. நாலு வருஷ கோடு, ஆயிரக்கணக்குல வார்னிங், ஒரு டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள்ள எழுதுற விளக்கம்) இல்லன்னு ஒண்ணு, கோட்ஸ் ஒத்தையா ரெட்டையான்னு ஒண்ணு, கமா இல்லன்னு ஒண்ணு. அந்த ஸ்க்ரோலை பாத்து பயந்து ஃபிக்ஸ் ஆப்ஷனை போட்டு எல்லாத்தையும் அதுவே சரி பண்ணட்டும்னு விட்டேன். வார்னிங் மளமளன்னு கொறைஞ்சுது, டெஸ்ட் பாஸ், சந்தோஷமா ஏத்திட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டாக் கொறையவே இல்லன்னு கம்ப்ளெய்ன்ட். பில் போடுது, பணம் வருது, ஸ்டாக்ல எண்ணிக்கை அப்படியே நிக்குது. எர்ரரும் இல்ல, லாக்ல ஒண்ணும் இல்ல. அரை நாள் தேடினேங்க.

நடந்தது இதான். பில் சேவ் ஆனா ஸ்டாக்கை கொறைக்கிற வேலை ஜாங்கோ சிக்னல்ல (ஒண்ணு நடந்தா இன்னொரு ஃபங்ஷனை தானா கூப்பிடுற ஏற்பாடு) இருக்கு. அந்த சிக்னல்ஸ் ஃபைலை ஆப்ஸ் ஃபைலோட ரெடி மெத்தட்ல இம்போர்ட் பண்ணியிருப்போம் இல்லையா, இம்போர்ட் மட்டும்தான், அந்தப் பேரை கீழ எங்கயும் யூஸ் பண்றதில்ல, இம்போர்ட் ஆகுறப்பவே ரிசீவர், அதாவது ஸ்டாக்கை கொறைக்கிற அந்த ஃபங்ஷன், ரெஜிஸ்டர் ஆகிரும். ரஃப் பார்வைல அது யூஸ் பண்ணாத இம்போர்ட், எஃப்401, அதனால அழகா அழிச்சிருச்சு. டூல் மேல தப்பு சொல்ல முடியாது, அது கோடை ஓட்டிப் பாக்குறதில்லையே, இம்போர்ட் பண்ணினாலே ஒரு வேலை நடக்கும்னு அதுக்கு எப்படி தெரியும். ஸ்டாக்குக்கு ஒரு டெஸ்ட் கூட எழுதாத நான்தான் மாட்டிக்கணும்.

இப்ப அந்த வரி கடைசில ஹேஷ் போட்டு நோக்யூஏ (இங்க கத்தாதேன்னு ரஃப்புக்கு சொல்ற குறிப்பு), கோலன், எஃப்401ன்னு எழுதி, பக்கத்துலயே "சிக்னல் ரெஜிஸ்டர் ஆக இது வேணும், அழிக்காதே"ன்னு ஒரு காரணமும் எழுதி வெச்சிருக்கேன். அந்த கோலனை மறக்காதீங்க, அது இல்லன்னா அந்த வரியில எல்லா ரூலுக்கும் வாயை அடைச்ச மாதிரி ஆயிரும்.

அதனால என் சிபாரிசு, பைப்ராஜெக்ட் டாம்ல்ங்கிற செட்டிங் ஃபைல்ல ரஃப்போட லின்ட் செக்‌ஷன்ல செலக்ட் லிஸ்ட்டுக்கு நாலே நாலு போடுங்க: எஃப் (யூஸ் பண்ணாத இம்போர்ட், இல்லாத பேர் மாதிரி தப்பு), இ9 (சின்டாக்ஸ் எர்ரர்), சி901, பிஎல்ஆர்2004 (இந்த ரெண்டும் கீழ வரும்). பேர் வெக்கிற ரூல், டாக்ஸ்ட்ரிங் ரூல் எல்லாம் ஆறு மாசம் கழிச்சு பாத்துக்கலாம். இதுல ஒரு விஷயம், செலக்ட்னு எழுதினா டிஃபால்ட் ரூல் எல்லாம் போயிரும், நீங்க எழுதினது மட்டும்தான் இருக்கும். சி901 மட்டும் எழுதிட்டு "என்னப்பா கோடு சுத்தமா இருக்கு"ன்னு ஒரு வாரம் நம்பிட்டு இருந்த ஆளு நான். டிஃபால்ட்டோட சேர்க்கணும்னா எக்ஸ்டென்ட் செலக்ட்.

நாலாவது: மேஜிக் நம்பர்

பிஎல்ஆர்2004 என்ன பண்ணும்னா, விலை 1000க்கு கீழயான்னு கம்பேர் பண்ற எடத்துல, இந்த 1000 என்ன, ஒரு பேர் வைன்னு கேக்கும். என் 999.99ம் இதுலதான் மாட்டுச்சு. ஆனா இது கம்பாரிசனை மட்டும்தான் பாக்கும். தொகையை 0.12 ஆல பெருக்குற வரியை கண்டுக்காது, அதுக்கு பழையபடி க்ரெப் வெச்சு கையால தேடுறதுதான்.

நான் முதல்ல 1000க்கு ஒரு கான்ஸ்டன்ட் பேர் வெச்சு வார்னிங்கை அடக்கினேன். அது பாதி வேலைதான். பழைய பில்லை ரீப்ரிண்ட் எடுத்தா பழைய ரேட்தானே வரணும்? அதனால இப்ப ஒரு சின்ன டேபிள்: எந்த தேதிலேர்ந்து, எவ்ளோ வரைக்கும், கீழ எத்தனை சதவீதம், மேல எத்தனை. பழைய வரியில 1000, 5, 12. செப்டம்பர் 22 வரியில 2500, 5, 18. பில் தேதியும் விலையும் குடுத்தா ரேட்டை திருப்பிக் குடுக்குற ஒரே ஒரு ஃபங்ஷன், பில், எக்ஸ்சேஞ்ச், ரீப்ரிண்ட் மூணும் அதைத்தான் கூப்பிடுது. அடுத்த தடவை ஜிஎஸ்டி கவுன்சில் மாத்தினா டேபிள்ல ஒரு வரி சேர்த்தா போதும்.

அஞ்சாவது: சி901, அதாவது சிக்கல் நம்பர்

1976ல தாமஸ் மெக்கேப் சொன்ன சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டிதான் இது. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இஃப், எலிஃப், ஃபார், வைல், எக்ஸெப்ட்டுக்கும் ஒண்ணு கூட்டிட்டே போகும், ரஃப்ல 10ஐ தாண்டினா கத்தும். என் பில் ஃபங்ஷன் 23.

கொறைக்கணும்னு நான் பண்ணின குறுக்குவழியை நீங்க பண்ணாதீங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்த மூணு இஃப்பை நடுவுல அண்ட் போட்டு ஒரே வரியாக்கினேன். இந்த ரூல் அண்ட், ஆர் எல்லாம் எண்ணாது, அதனால நம்பர் எறங்கிருச்சு. ஆனா அந்த வரியை மறுவாரம் என்னாலயே படிக்க முடியல. இதுக்கு அந்த 23 நம்பரே தேவலாம்.

சரியா வேலை செஞ்சது என்னன்னா, ஃபங்ஷன் மேல விரல் வெச்சு "இந்த எடம் எதை முடிவு பண்ணுது"ன்னு வாய்விட்டு சொல்லிப் பாக்குறது. இது ரேட் முடிவு பண்ணுது, இது உள்ளூரா வெளி மாநிலமா (சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டியா, ஐஜிஎஸ்டியா), இது டிஸ்கவுன்ட். ஒரு முடிவுக்கு ஒரு ஃபங்ஷன். பில் ஃபங்ஷன் 6க்கு வந்துச்சு. டிஸ்கவுன்ட் மட்டும் இன்னும் 11, ஆடித் தள்ளுபடிக்கு கடைக்காரர் வெச்சிருக்கிற கண்டிஷன் அப்படி, அது கோடோட சிக்கல் இல்ல கடையோட சிக்கல். அங்க நோக்யூஏ போட்டு காரணம் எழுதிட்டு விட்டுட்டேன்.

ஆறாவது: தனித்தனி கமிட்

ஆட்டோ ஃபிக்ஸ் ஒரு ரூலுக்கு ஒரு கமிட், கையால மாத்தினது தனி கமிட். டிஃப் ஆப்ஷன் போட்டா ஃபைலை தொடாம என்ன மாத்தப்போறேன்னு மட்டும் காட்டும், அதை படிச்சுட்டு அப்புறம் ஃபிக்ஸ். ரஃப் ஃபார்மட் ஓட்டி மொத்த கோடையும் அடுக்குனீங்கன்னா அந்த கமிட் நம்பரை ஒரு ஃபைல்ல எழுதி கிட் ப்ளேமோட (எந்த வரியை யார் கடைசியா மாத்தினாங்கன்னு காட்டுற கமாண்ட்) இக்னோர் ரெவ்ஸ் ஃபைல் செட்டிங்ல குடுத்துருங்க, இல்லன்னா எந்த வரியை பாத்தாலும் உங்க பேரே வரும், திட்டும் உங்களுக்கே வரும்.

அப்டேட் 1: மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரை (டேட்டாபேஸ் மாற்றத்துக்கு ஜாங்கோ தானா எழுதுற ஃபைல் இருக்கிற எடம்) விலக்கப் போய் பத்தாயிரம் வார்னிங் வருதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவரு எக்ஸ்க்ளூட்னு எழுதியிருக்காரு, அப்படி எழுதினா ரஃப் தானா விலக்கி வெச்சிருந்த வென்வ் மாதிரி ஃபோல்டர் லிஸ்ட் காலியாயிரும், கிட் இக்னோர்லயும் (கிட் கண்டுக்க வேண்டாத ஃபைல் லிஸ்ட்) வென்வ் இல்லாததால ஜாங்கோவோட சொந்த கோடையே செக் பண்ணியிருக்கு. எக்ஸ்டென்ட் எக்ஸ்க்ளூட்னு மாத்தினதும் சரியாச்சு.

அப்டேட் 2: ஏற்கனவே இருக்கிற பழைய வார்னிங்கை எல்லாம் என்ன பண்றது, இன்னிக்கே சரி பண்ண நேரம் இல்லன்னு இன்னொருத்தர். ஆட் நோக்யூஏன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இப்ப இருக்கிற எல்லா எடத்துலயும் அதுவே நோக்யூஏ எழுதிரும், புதுசா எழுதுற கோடு மட்டும் மாட்டும். கூடவே ஆர்யூஎஃப்100ஐயும் செலக்ட்ல சேர்த்துக்கோங்க, தேவை போன நோக்யூஏ எங்கெங்க கெடக்குதுன்னு அது சொல்லும். நான் போன வாரம் ஓட்டினப்ப 17 கெடந்துச்சு.