புயலுக்குப் பின் டி-ஸ்னாப் உணவு உதவி கேட்பது எப்படி?

2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, எங்கள் தெருக்காரர்கள் டி-ஸ்னாப்புக்கு, அதாவது பேரிடரில் சிக்கியவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் தற்காலிக உணவு உதவிக்கு, விண்ணப்பிக்க நான் கூட இருந்து உதவினேன். "சம்பளம் வருகிறதே, நமக்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று பலர் பேசாமல் இருந்துவிட்டது எனக்கு இன்னும் வருத்தம். டி-ஸ்னாப் கணக்கே வேறு. அந்த மாதம் கைக்கு வரும் சம்பளத்தோடு வங்கியில் இருக்கும் பணத்தைக் கூட்டி, வீட்டுப் பழுது, தங்குமிடம் என்று புயலால் உங்கள் கைக்காசு போன செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைத்தான் வருமான வரம்போடு ஒப்பிடுவார்கள். அதனால் ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடையாள அட்டை கட்டாயம். முகவரிச் சான்று இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் சில நாட்களே விண்ணப்பம் வாங்கும், தள்ளிப்போட வேண்டாம். ஏற்கெனவே ஸ்னாப் (வருமானம் குறைந்தவர்களுக்கான வழக்கமான மாதாந்திர உணவு உதவி) வாங்குபவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அப்புறம், கெட்டுப்போன உணவுக்கு அவர்கள் ஈடு கேட்கலாம், பொதுவாக 10 நாளுக்குள். டி-ஸ்னாப் பணம், கடையில் தேய்த்து வாங்கும் இபிடி அட்டையில் ஏறும். அரிசி, பருப்பு, பால் வாங்கலாம்; சோப்பு வாங்க முடியாது.