சீன உயர்நிலைப் பள்ளியில் சேரும் நம் பிள்ளைகளும் ஆங்கில இலக்கணக் கோடிட்ட இடங்களும்

குவாங்சோ, ஷென்சென், யீவு போன்ற நகரங்களுக்கு வேலைக்கோ வணிகத்துக்கோ குடிபெயர்ந்து, பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகாமல் பிள்ளையை உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், சீன மொழியை நினைத்து அஞ்சுகிறார்களே தவிர ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஊரில் ஆங்கில வழியில் படித்த பிள்ளை என்ற துணிவு அது. அந்தத் துணிவை முதலில் அசைப்பது, வினாத்தாளில் 'யூஃபா தியன்கோங்' என்ற தலைப்பில் வரும் பகுதி. நம் பள்ளிகளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்போமே, அதன் கடினமான வடிவம் இது.

'காவ்காவ்' எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வின் குவாங்தோங் மாநிலத் தாளில் 2007இல் அறிமுகமான இவ்வகை வினா, 2014 முதல் தேசியத் தாளிலும் இடம்பெறுகிறது. ஏறத்தாழ 200 சொற்கள் கொண்ட ஒரு பத்தி, அதில் 10 கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண் என, மொத்தம் 150இல் 15 மதிப்பெண் இதற்கு உண்டு. பெரும்பாலும் ஏழு இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் கொடுக்கப்பட்டிருக்கும். அதன் சரியான வடிவத்தை எழுத வேண்டும். மற்றவற்றில் எந்தக் குறிப்பும் இராது, ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதலாம். தெரிவு செய்ய நான்கு விடைகள் கிடையாது. எழுத்துப்பிழை இருந்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க மறப்பதும் அப்படியே. உங்கள் பிள்ளை காவ்காவ் எழுதப் போவதில்லை என்றாலும், பள்ளியின் மாதத் தேர்வுகளும் பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் இதே அச்சில்தான் அமைகின்றன.

சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை இங்கே தடுமாறுவது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 'தி லெட்டர்ஸ் ____ (ரைட்) பை ஹர் கிராண்ட்ஃபாதர் ஆர் ஸ்டில் கெப்ட் இன் எ வுடன் பாக்ஸ்.' காது பழகிய பிள்ளை 'வெர் ரிட்டன்' என்று எழுதிவிடும், ஏனெனில் கோட்டைத் தாண்டிச் சில சொற்கள் வரை அது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் வாக்கியத்தின் முதன்மை வினை 'ஆர் கெப்ட்' என்று பின்னால் வந்துவிட்டது. ஆகவே விடை 'ரிட்டன்' மட்டுமே. சீன ஆசிரியர்கள் இதனால்தான் 'வெய்யூ' (வாக்கியத்தின் முதன்மை வினை) எது, 'ஃபெய் வெய்யூ' (முதன்மை வினையாக நில்லாத வினைவடிவம்) எது என்று முதல் பாடவேளையிலிருந்தே கேட்கிறார்கள். சீன மொழியில் காலத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினை உருமாறுவதில்லை என்பதால், அந்த மாணவர்கள் இந்த வேறுபாட்டை விதியாகவே கற்க வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அதே வாக்கியத்தை, 'அவளுடைய தாத்தா எழுதிய கடிதங்கள் இன்னும் ஒரு மரப்பெட்டியில் வைக்கப்பட்டுள்ளன' என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'எழுதிய' பெயரெச்சம், 'வைக்கப்பட்டுள்ளன' வினைமுற்று என்பதைத் தமிழ் படித்த பிள்ளை உடனே சொல்லிவிடும். முற்று வர வேண்டிய இடமா, எச்சம் வர வேண்டிய இடமா என்ற இந்த ஒரு கேள்வியை வினைச்சொல் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்கப் பழக்கினாலே பாதித் தடுமாற்றம் தீரும். 'பார்க்க வந்தான்' என்பதில் உள்ள எச்சம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'டு சீ' ஆகும். 'செய்தியைக் கேட்டு அழுதாள்' என்பதில் உள்ளது 'ஹியரிங்' ஆகும்.

இந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. 'எழுதிய கடிதம்', 'எழுதிய மனிதர்' என இரண்டுக்கும் தமிழ் ஒரே எச்சத்தை வைத்துக்கொள்கிறது. ஆங்கிலம் அவ்வாறு விடாது. எனவே எச்சம் என்று தெரிந்த பிறகு, அருகிலுள்ள பெயர் அந்தச் செயலைச் செய்கிறதா, செயலுக்கு உட்படுகிறதா என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

குறிப்பில்லாத கோடுகளில் 'எ', 'தி' போன்ற சுட்டுச்சொற்களும், முன்னிடைச் சொற்களும், 'விச்', 'ஹூ', 'வேர்' போன்ற இணைப்புச் சொற்களும் வரும். இவற்றுக்கு வாசிப்புப் பழக்கத்தை விடச் சிறந்த பயிற்சி இருப்பதாக நான் கருதவில்லை. பத்திகள் பெரும்பாலும் சீனப் பண்பாட்டைப் பற்றியவை: 2022இல் பாண்டா தேசியப் பூங்கா, 2023இல் ஷாங்காய்ப் பக்கத்து 'சியாவ்லோங்பாவ்' கொழுக்கட்டை, 2024இல் நாடகாசிரியர் தாங் சியன்சு என்று வந்திருக்கின்றன. ஆகவே சீனாவைப் பற்றிய எளிய ஆங்கிலக் கட்டுரைகளை வாரந்தோறும் படிப்பது இரட்டைப் பயன் தரும்.

பழைய வினாத்தாள் தொகுப்புகள் சின்ஹுவா புத்தகக் கடைகளில் கிடைக்கும். நாளுக்கு ஒரு பத்தி போதும். ஆனால் விடையைச் சரிபார்த்ததோடு நிறுத்தாமல், தவறிய ஒவ்வொரு கோட்டையும் அதன் காரணத்தோடு தனிக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். இங்குள்ள மாணவர்கள் இதை 'சுவோ தி பென்' என்பார்கள். இந்த நாட்டுப் பள்ளிகளிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

உங்கள் வீட்டில் ஆங்கிலம் புழங்குவதைக் கண்டு, தங்கள் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர முடியுமா என்று அக்கம்பக்கத்தார் கேட்கக்கூடும். குடும்பத்தினர் விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் கட்டணம் வாங்கிக் கற்பிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. பணி அனுமதி உள்ளவரும் அதில் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். பிள்ளைகள் இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து அவரவர் குறிப்பேட்டை ஒப்பிட்டுப் படிக்கட்டும் என்று சொல்லுங்கள். நம் பிள்ளைக்குச் சீன மொழியும் அவ்வழியே வரும்.