எம்ஜிபி காரின் முன் சஸ்பென்ஷன்: முதலில் ஆட்டத்தை எடுங்கள்

பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் முன்பக்கத்தை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி ரோல் பாரும்தான். தேய்ந்த புஷ்களோடு (மூட்டுகளில் இருக்கும் உறைகள்) அவற்றை மாட்டினால் கார் குலுங்கும், ஸ்டியரிங் அலையும், போட்ட பணம் தெரியாது. மூட்டுகளில் இருக்கும் ஆட்டத்தை எடுத்த பிறகுதான் விறைப்பைக் கூட்ட வேண்டும்.

ஸ்பிரிங் உட்காரும் தட்டான ஸ்பிரிங் பேனுக்கு அடியில் ஜாக்கி வைத்து வீலைத் தூக்குங்கள். வீலின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில்; அதன் எண்ட் ஃப்ளோட் (அச்சுவாக்கில் விடும் சிறு இடைவெளி) 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கலாம். நிற்காவிட்டால் வீல் திரும்பும் அச்சான கிங்பின்னையோ அதன் கீழ்ப் புஷ்ஷையோ சந்தேகப்படுங்கள். அடுத்து குலுக்கலை அடக்கும் லீவர் ஷாக்கின் கையை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இந்தக் காரில் அந்தக் கைதான் மேல் விஷ்போன், அதாவது வீலைத் தாங்கும் மேல் கை. அதன் தண்டு தேய்ந்திருந்தால் வீலின் சாய்வே நிலையாக நிற்காது. எண்ணெய் ஊற்றுவதால் இது சரியாகாது. ஷாக்கையே புதுப்பிக்க வேண்டும். லீவர் கைகளை அப்படியே விட்டு டெலஸ்கோப்பிக் ஷாக் பொருத்தும் கிட்டிலும் இதே தேய்மானம் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல நிலையில் புதுப்பித்த லீவர் ஷாக்கே சாதாரண சாலைக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

மிகக் குறைந்த செலவில் மிக நல்ல பலன் தருவது கீழ் விஷ்போனின் உள்பக்கப் புஷ்கள். பழையவை இரண்டு இரண்டு துண்டு ரப்பர்கள். 1973-இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8-இன் புஷ், உலோகக் குழாயோடு ஒட்டிய ஒரே துண்டு. பழையவற்றுக்குப் பதில் இதைப் போடலாம்; காருக்கு நான்கு வேண்டும்.

புஷ்களை மாற்ற, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டுகளைச் சேஸிஸ் நீளச்சட்டங்களுக்கு அடியில் வையுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. ஆன்டி ரோல் பார் இணைப்பையும் டை ராட் முனையையும் எடுங்கள். இப்போது ஜாக்கியை ஸ்பிரிங் பேனுக்குக் கொடுத்து, ஷாக் கை, அது கீழே இறங்குவதைத் தடுக்கும் ரீபவுண்ட் ரப்பரைவிட்டு விலகும்வரை ஏற்றுங்கள். பிறகே கிங்பின்னை ஷாக் கையோடு இணைக்கும் மேல் போல்ட்டைத் தொடுங்கள். ஜாக்கி இல்லாமல் அதைக் கழற்றினால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே காயப்படுத்தும். ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியைக் கோத்துக் கட்டி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கைக்கு வரும்.

விஷ்போன் கண்ணின் உட்புறத் துருவைச் சுரண்டுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வைஸில் சாக்கெட் வைத்துப் புதுப் புஷ்ஷை அழுத்தி நடுவில் நிறுத்துங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். அதிகம் பேர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். விஷ்போன் தொங்கும்போதே புஷ்ஷின் நட்டை முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்குண்டு சீக்கிரம் கிழியும். நட்டை விரலளவு இறுக்கம் மட்டும் வைத்து, காரின் எடை சஸ்பென்ஷனில் இறங்கிய பிறகு முழுதாக இறுக்கிப் புதுக் காட்டர் பின் போடுங்கள். ஷாக்கையும் கழற்றியிருந்தால், அதன் நான்கு போல்ட்டுகளுக்கு இறுக்கும் அளவு 59 முதல் 61 நியூட்டன் மீட்டர்.

கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள். வீல் காற்றில் தொங்கும்போது கிரீஸ் அடித்தால்தான் சுமை தாங்கும் பரப்புகளுக்குள் அது போய்ச் சேரும்.

இனி ஆன்டி ரோல் பார். இதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 14.3 மி.மீ. பாரை 19 ஆக்கினால் மூன்று மடங்குக்கும் கூட, 22 ஆக்கினால் ஐந்தரை மடங்கு. சாலைக்கு 19 போதும். அதற்கு மேல் போனால் வளைவில் முன்பக்கம் வெளியே இழுக்கும். ஸ்பிரிங் 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்த வேண்டாம், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தாங்கும் பம்ப் ரப்பருக்கு இடமிருக்காது. பழைய ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டித் தாழ்த்தவே கூடாது. முனை சரியாக உட்காராது.

கடைசியாக அலைன்மென்ட்: டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மி.மீ. சுமார் 200 கி.மீ. ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள்.