ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வந்த அளவையே திருப்பி ஊற்றாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். தன் வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தண்ணீர் பாட்டில்களில் நிரப்பி, டிக்கியில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஆயில் மாற்றியது, அந்த ஆயிலை ஆறவைக்க முன் கிரில்லுக்குப் பின்னால் புதுக் கூலர் மாட்டியது எல்லாம் அவரேதான். வேலை சுத்தமாகவே இருந்தது. “நாலேகால் லிட்டர் வந்துச்சுங்கண்ணா. அளந்து அதே நாலேகால ஊத்திட்டேனுங்க” என்றார். மேடு ஏறும்போது மட்டும் வண்டி கொஞ்சம் ஸ்லிப் ஆகிறதாம்.

அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் ஒரு வாடிக்கையாளரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது ஒன்றேமுக்கால் லட்சம் செலவு வைத்தது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, கொதிக்கிற ஆயிலில் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கீழே வருகிற தலைப்புகள் பலரும் செய்கிற தப்புகள். நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயிலாலேயே சுழற்சியைக் கடத்துகிற பாகம், உள்ள கியர்பாக்ஸ்களுக்கு. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸில் கியரைத் தானாக மாற்றுகிற வகை) வண்டிக்காரர்கள் தாராளமாக வேறு வேலை பார்க்கலாம்.

வந்த அளவையே திருப்பி ஊற்றுவது

இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் என்பது வெறும் மசகு இல்லை. இன்ஜின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டரில் கடத்துவது அதுதான். கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் அதுதான். சூட்டை வெளியே சுமந்துபோவதும் அதுதான். அடியில் உள்ள ‘பேன்’ என்கிற ஆயில் தட்டிலிருந்து பம்ப் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயிலோடு காற்றும் உள்ளே போனால் பிரஷர் விழும், கிளட்ச் வழுக்கும், வழுக்குகிற கிளட்ச் சீக்கிரம் கருகும்.

சரி, வந்த அளவையே ஊற்றினால் என்ன தப்பு? உள்ளே ஏற்கெனவே சரியான அளவு இருந்தது என்று யார் சொன்னது? எங்காவது ஒரு சீல் கசிந்திருந்தால், பழைய குறையை அப்படியே நகல் எடுக்கிறீர்கள். அப்புறம் சூடு. ஆயில் சூட்டில் பெருகும். 9 லிட்டர் பிடிக்கிற கியர்பாக்ஸில் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி கூடிவிடும். ஓட்டிவந்த சூட்டோடு வடித்த நாலேகாலும், கடையிலிருந்து வந்த ஆறிய நாலேகாலும் ஒன்றல்ல.

இவை இரண்டும் இருக்கட்டும். என்னைக் கவிழ்த்தது கூலர்.

அது ஏழு பேர் போகிற ஒரு டீசல் வண்டி. வால்பாறைக்கு அடிக்கடி போய்வருகிறவர், சூடு ஏறுகிறது என்று தனிக் கூலர் மாட்டச் சொன்னார். மாட்டினேன். வடித்ததை அளந்து ஊற்றினேன். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரிப் போனது. மறுநாள் அவரோடு நானும் கிளம்பினேன், என் வேலையின் அழகை மலையில் பார்க்கலாமே என்று. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் இறங்கி அணையைப் பார்த்து டீ குடித்தோம். இருபதைத் தாண்டியதும் ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோம். திரும்ப ஒழுங்காகப் போனது. “புது ஆயிலுங்க, செட் ஆக ரெண்டு நாள் ஆகும்” என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் மீதே எரிச்சல் வருகிற பேச்சு அது. ஆயிலாவது, செட் ஆவதாவது. மூன்றாவது மலைப் பயணத்தில் கிளட்ச் மொத்தமும் போய், வண்டி டோ வண்டியில் இறங்கியது.

நடந்தது இதுதான். அந்தக் கியர்பாக்ஸில் கூலர் பாதைக்கு ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. ஆயில் நன்றாகச் சூடேறும் வரை அது கூலருக்கு வழி விடாது. பட்டறையில் நான் ஆயில் ஊற்றியபோதும், ஊருக்குள் ஓட்டியபோதும் புதுக் கூலரும் அதன் ஹோஸ்களும் காலியாகவே இருந்தன. மலையில் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்ததும், அரை லிட்டருக்கு மேல் ஆயில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. பேனில் அந்த அளவு குறைந்தது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பும்போது மிச்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்து நுரையாக்கியது. அரை மணி நேரம் நிறுத்தினால் நுரை அடங்கும். அதனால்தான் சரியான மாதிரி தெரிந்தது.

‘அப்படியென்றால் ஒரு லிட்டர் சேர்த்தே ஊற்றிவிடலாமே’ என்று உடனே தோன்றும். வேண்டாம். அளவு மிஞ்சினால் சுழலுகிற பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். கடைசியில் அதே கோளாறு. கூடவே பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் துப்பவும் செய்யும்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். வண்டி நாலு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து லெவல் பார்ப்பது வீண். புதுக் கூலருக்கும் ஹோஸுக்கும் சேர்த்து அரை லிட்டர் போலக் கூடுதலாக ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் லீவரைக் கொண்டுபோய்ச் சில நொடி நிறுத்துங்கள். பிறகு ஒரு நல்ல ஓட்டம், கூலருக்குப் போகிற ஹோஸ், வருகிற ஹோஸ் இரண்டும் சுடும் வரை. அதன் பிறகு முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடு 40 டிகிரியை ஒட்டி வரும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஓவர்ஃப்ளோ பிளக்கை (மிஞ்சிய ஆயில் வழிகிற துளையின் மூடி) திறக்க வேண்டும். துல்லியமான சூட்டு வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். மெல்லியதாகச் சொட்டினால் அளவு சரி. ஒன்றும் வரவில்லையென்றால் சொட்டும் வரை ஊற்றுங்கள். சூட்டை, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஓபிடி ஸ்கேனரில் பாருங்கள், பேனுக்குக் கீழே கை வைத்துக் கணிக்காதீர்கள்.

இன்ஜின் ஓடாமல் பிளக்கைத் திறந்தால் டார்க் கன்வெர்ட்டரில் இருக்க வேண்டிய ஆயிலும் பேனுக்கு இறங்கி, கூடுதலாக இருப்பது போல ஏமாற்றும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) உள்ள வண்டிகளில் விதி வேறு. பழைய டொயோட்டாக்களில் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே, லீவரைப் பி-யில் (பார்க்கிங்) வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் சூடேற்றி இன்ஜினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றில் கற்றதை இன்னொன்றில் காட்டினால் கதை கந்தல்.

சிவப்பாக இருந்தால் போதும் என்பது

சிவப்பு என்பது சாயம். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சேர்த்தது. டொயோட்டா டபிள்யூஎஸ், ஹூண்டாய் எஸ்பி ஃபோர், டெக்ஸ்ரான் சிக்ஸ் எல்லாம் சிவப்புதான், எல்லாம் ஒன்றல்ல. சிவிடி (கியர்ப் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற வகை) வண்டியில் இதில் எதையும் ஊற்றவே கூடாது, அதற்குத் தனி ஆயில்.

வடிக்கிற பிளக்கை முதலில் கழற்றுவது

ஊற்றுகிற பிளக் கழலுகிறதா என்று முதலில் பாருங்கள். கழலாவிட்டால், வடித்த பிறகு புது ஆயிலை ஊற்ற வழியிருக்காது.

கிடைத்த ஹோஸைப் போடுவது

ரேடியேட்டர் ஹோஸ் தண்ணீருக்கு. ஆயில் பட்டால் ஊதிப் பஞ்சாகிவிடும். கியர்பாக்ஸ் கூலருக்கு என்றே செய்த ஹோஸ் கிடைக்கிறது, விலை கூடுதல்தான், வாங்குங்கள். பைப் முனையில் மேடு தட்டாமல் வழவழப்பான பைப்பின் மேல் ஹோஸைச் சொருகிக் கிளிப் போடுவது இன்னொரு வம்பு. ஹோஸ் கழன்றால் பம்ப் சில நிமிடங்களில் மொத்த ஆயிலையும் ரோட்டில் ஊற்றிவிடும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கண்டன்சரைக் குத்திக் கூலரைக் கட்டுவது

கிட்டோடு பிளாஸ்டிக் டை கொடுப்பார்கள், ஏ.சி. கண்டன்சரின் இடுக்குகளில் குத்தி இறுக்கச் சொல்லி. ஓடுகிற அதிர்வில் உரசி உரசி ஒரு வருடத்தில் கண்டன்சரில் ஓட்டை விழுந்து கேஸ் போன வண்டிகளை நானே மூன்று பார்த்துவிட்டேன். இரும்புப் பட்டையில் பிராக்கெட் அடித்து, விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். வெல்டிங் கடையில் அரை மணி நேர வேலை.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரை ஒதுக்கிவிடுவது

இதில் பாதி நியாயம் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கூலர் ஓட்டையானால் தண்ணீரும் ஆயிலும் கலந்து, உள்ளே ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு கூழ் ஓடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர் வண்டிகள் இந்தக் கோளாறுக்குப் பேர் போனவை. கூலன்ட் பட்டால் கிளட்ச் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும், கியர்பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

அந்தப் பயத்தில் பலர் அதைத் துண்டித்துவிட்டு, வெளிக் கூலரை மட்டும் நம்புகிறார்கள். ஹைவேயில் ஜோராக இருக்கும். கிண்டியில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது முகத்தில் போதிய காற்று படாத கூலர் என்ன செய்யும்? ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது. நெரிசலில் காப்பாற்றுவது அந்தச் சின்னக் கூலர்தான். ஆயில் முதலில் ரேடியேட்டருக்கும், பிறகு வெளிக் கூலருக்கும், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கும் போகட்டும். ரோஸ்மில்க் பயம் இருந்தால் பழைய ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள், என் கருத்து அதுதான்.

‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’

கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

கருகிய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் பிழைக்கும் என்று நம்புவது

பேனில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பு. கையில் நெருடுகிற துண்டுகள் இயல்பல்ல. ஆயிலில் கருப்பு நிறமும் தீய்ந்த வாடையும் இருந்தால் கிளட்ச் ஏற்கெனவே போய்விட்டது. ஒருமுறை வடித்தால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வரும், மிச்சம் கன்வெர்ட்டரிலும், ஆயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வ் பாடியிலும் தங்கிவிடும். ஆயில் நன்றாக இருக்கும் வண்டியில் சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றினால் போதும்.

செத்த கியர்பாக்ஸின் பழைய கூலர்

உள்ளே இரும்புத் தூள் இருக்கும். தூக்கிப் போடுங்கள்.

வெயில் நேரத்தில் லெவல் பார்ப்பது

40 டிகிரி என்று மேனுவல் எழுதியவர் ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊருக்கு வந்திருக்கமாட்டார். மதியம் நிழலில் நிற்கிற வண்டியே 37, 38 காட்டும். ஸ்டார்ட் செய்து லீவரை ஒரு சுற்று போட்டு முடிப்பதற்குள் வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் ஆயில் பெருகி, குறைவாக இருப்பதையே சரி என்று சொட்டிக் காட்டும். அந்தத் தம்பியை வண்டியை இரவு பட்டறையில் விட்டுவிட்டு, விடியற்காலை வரச் சொன்னேன். ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தோம், ஸ்கேனரில் 27. அவர் மொபைலைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அடியில் ஸ்பானரோடு படுத்திருந்தேன். 39-ல் பிளக்கைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. 700 மில்லி உள்ளே போன பிறகுதான் சொட்ட ஆரம்பித்தது.