பெயர் தெரியாத செடி மீன் தொட்டிக்கு வந்தால், முதலில் அதைப் பூக்க விடுங்கள்

மீன் தொட்டிக் கடைக்காரர் ஒரு நீர்ச்செடியைக் கையில் கொடுத்து "இது புதுசு சார், எங்கேயும் கிடைக்காது" என்று சொன்னால் யாருக்குத்தான் கை பரபரக்காது? வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அவர் சொன்ன பெயரை உடனே தொட்டியில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். ரோட்டாலா இண்டிகா என்ற பெயரில் பல வருடங்களாக விற்றுக்கொண்டிருந்த செடி பெரும்பாலும் ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாதான். நானும் அந்தத் தப்புப் பெயரோடுதான் அதை நண்பர்களுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், தண்ணீருக்குள் வளரும் இலையும் வெளியே வளரும் இலையும் ஒரே செடியிலேயே வேறு வேறு மாதிரி இருக்கும். ரொட்டண்டிஃபோலியா என்றால் வட்ட இலை என்று அர்த்தம், ஆனால் தொட்டிக்குள் அதன் இலை ஒடுங்கி நீண்டுவிடும், லைட் நன்றாக இருந்தால் சிவந்தும் போகும். அதனால் நிறத்தையும் இலையின் அகலத்தையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

முதல் நாளே பார்க்க வேண்டியது கணு. ஒரு கணுவில் எத்தனை இலை, அவை எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா, சுற்றிலும் வட்டமாகவா? இலைக்குக் காம்பு உண்டா? சீப்பு மாதிரி பிரிந்த இலை இருக்கும் செடியைப் பார்த்தால் நாம் எல்லாவற்றையும் கபோம்பா என்று சொல்லிவிடுகிறோம். கபோம்பா கரோலினியானாவில் இலைகள் காம்போடு எதிரெதிராக வரும். லிம்னோபிலா செசிலிஃப்ளோராவில் கணுவைச் சுற்றி வட்டமாக வரும். அப்புறம் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், லிம்னோபிலா அரோமாட்டிகா வாசனையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட உபயோகமான கருவி இந்த வேலைக்கு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று சொல்கிறேன். கிரிப்டோகோரைன், லஜனாண்ட்ரா என்ற இரண்டு நீர்ச்செடிப் பேரினங்களும் நெருங்கிய சொந்தம், அவற்றின் பல இனங்களைத் தொட்டியில் பார்த்தால் குழப்பம்தான். நடுவிலிருந்து புது இலை கிளம்பும்போது, இன்னும் விரியாமல் சுருண்டிருக்கும் நேரத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டுவது போல ஒரு ஓரத்திலிருந்து மட்டும் சுருண்டிருந்தால் கிரிப்டோகோரைன். இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டு நடு நரம்பை நோக்கி வந்தால் லஜனாண்ட்ரா. அதே பாயை இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சுருட்டினால் எப்படியிருக்கும், அப்படி. இதைப் பார்க்க ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம், இலை விரிந்துவிட்டால் அடுத்த இலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் இனம் வரைக்கும் போக வேண்டுமென்றால் பூ வேண்டும், பூ வேண்டுமென்றால் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்க வேண்டும். மூடி உள்ள ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும். மூன்று விரல் உயரத்துக்கு மண் போட்டு, மண் நனைந்திருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, செடியை நட்டு மூடி வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், டப்பாவுக்குள் செடி வெந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த கிரிப்டோகோரைன் இலைகள் சில நாளில் கூழாகிவிடலாம், பயந்து தூக்கிப் போடாதீர்கள், கிழங்கு உறுதியாக இருந்தால் புது இலை வரும். புது இலைகள் நின்ற பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்குங்கள். ரோட்டாலா போலத் தண்டாக வளரும் ஸ்டெம் செடிகள் சீக்கிரம் பூக்கும். கிரிப்டோகோரைனுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பூ வந்ததும் ரோட்டாலா குழப்பம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்: நுனியில் இளஞ்சிவப்புக் கதிராகப் பூத்தால் ரொட்டண்டிஃபோலியா, இலைக் கக்கத்தில் ஒற்றை ஒற்றையாகப் பூத்தால் இண்டிகா. கிரிப்டோகோரைனில் சின்னப் பூக்களை மூடிக் குழல் போல நிற்கும் பாளையைத்தான் பார்க்க வேண்டும்: அதன் நீளம், முறுக்கு, வாயின் நிறம், வாயைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்பது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு பாளை இருந்தால் ஒன்றை பிளேடால் நீளவாக்கில் வெட்டி அடிப்பகுதியையும் படம் எடுங்கள். அங்கே உள்ளே இருக்கும் பெண் பூக்கள் ஒரே வட்டமாக இருந்தால் கிரிப்டோகோரைன், சுருள் வரிசையாக ஏறினால் லஜனாண்ட்ரா என்று இலை சொன்னது அங்கே உறுதியாகும்.

போர்னியோ தீவிலிருந்து வரும் புசெபாலாண்ட்ரா என்ற நீர்ச்செடிகளுக்கு இதெல்லாம் இன்னும் அவசியம். கடைகளில் அவற்றுக்கு இருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களில் பெரும்பாலானவை வியாபாரப் பெயர்கள், இனப் பெயர்கள் வேறு. பூக்கும் வரை லேபிளில் "புசெபாலாண்ட்ரா, இனம் தெரியாது" என்று எழுதி, கீழே வாங்கிய இடம், தேதி, கடைக்காரர் சொன்ன பெயர் மூன்றையும் எழுதுங்கள். யாருக்காவது வெட்டிக் கொடுத்தால் அந்த லேபிளையும் ஒரு பிரதி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.